ஸ்டொக் வகுப்பில் சஸ்பென்ஷன்: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜேர்சியில் எட்டு வருடம் இருந்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவன் நான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய கார் தரிப்பிடங்களில் கூம்புகளை வரிசையாக வைத்து, நேரத்தை அளந்து ஓடும் ஓட்டோகிராஸ் போட்டிகளில் என் சொந்தக் காரை ஓட்டினேன். வேலைக்குப் போன அதே காரில் போய், ஓடி, அதே காரில் வீட்டுக்கு வருவோம். இங்கே இப்போது சித்திரையில் நுவரெலியாவுக்குப் போய் ஒருமுறையாவது ஓடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தம்பிமார் பலர் எங்கள் வளவுக்கு வந்து கேட்கிறார்கள். சஸ்பென்ஷன், அதாவது காரைச் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிறிங், சொக் முதலியவை பற்றி எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டொக் வகுப்பு என்றால் ஒன்றையுமே மாற்றக்கூடாதா?

ஸ்டொக் என்பது கம்பனி செய்து விற்ற நிலையிலேயே ஓடும் கார்களின் வகுப்பு. மாற்றலாம், ஆனால் விதிப்புத்தகம் மாற்றலாம் என்று எழுதியதை மட்டும்தான். இதை எப்படி வாசிப்பது என்பதிலேயே பாதிப் பேர் பிழை விடுகிறார்கள். "கூடாது என்று எங்கேயும் எழுதியில்லையே அண்ணை" என்பார்கள். அப்படி எழுதத் தேவையில்லை. அனுமதி எழுதப்படாத எல்லாமே தடைதான். ஒரு வேலையைத் தொடங்கும் முன், அதற்கு இடம் தரும் வரியை விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஸ்பானரைக் கீழே வையுங்கள்.

நீங்கள் சொல்வது எந்த விதி? அமெரிக்க விதி எங்களுக்கு எதற்கு?

நான் கீழே தரும் அளவுகள் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஒஃப் அமெரிக்காவின் சோலோ விதிகளில், அதாவது அவர்களின் ஓட்டோகிராஸ் விதிகளில், இருப்பவை. 1944இல் தொடங்கிய அமைப்பு அது. அவர்களின் 'ஸ்டொக்' வகுப்பு 2014இல் 'ஸ்ட்ரீட்' என்று பெயர் மாறியது. அதோடு விதிகளும் கொஞ்சம் மாறின. நான் படித்ததும், பிடிபட்டதும் அந்தப் புத்தகத்தில்தான். எது ஏன் தடை என்ற கணக்கு அதில் தெளிவாகத் தெரியும். அந்தக் கணக்கு விளங்கினால் எந்த நாட்டு விதியையும் வாசிக்கலாம். ஆனால் நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்ட மலைப்பாதைக் கார் ஓட்டப் போட்டிக்கோ வேறெந்தப் போட்டிக்கோ போவதென்றால், அந்த ஏற்பாட்டாளர் அந்த வருடத்துக்கு வெளியிடும் விதித்தாளே முடிவு. நான் சொல்வதும் அதுவும் முரண்பட்டால் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்பிறிங்கில் ஒரு சுற்று வெட்டினால் கார் பதிந்து வடிவாக நிற்கும். வெட்டலாமா?

கூடாது. காரைப் பதிக்கும் கட்டையான ஸ்பிறிங்கை வாங்கிப் போடுவதும் கூடாது. ஸ்பிறிங் என்பது ஸ்டொக் வகுப்பின் எல்லைக்கல். கம்பனி அந்த மொடலுக்குப் போட்டதே இருக்க வேண்டும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் காரைப் பழையதாக வாங்கினேன். ஸ்பிறிங் கம்பனியினுடையதுதான், நிறக்குறி உட்பட எல்லாம் சரி. ஆனால் எனக்கு முன் வைத்திருந்தவர் போட்ட சொக்கில் (ஸ்பிறிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்), ஸ்பிறிங் அமரும் கிண்ணம் கம்பனி இடத்தைவிடக் கீழே இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்றாவது போட்டியில் பக்கத்தில் நின்றவர் ஒருவர் என் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையிலான வெளியைப் பார்த்துவிட்டு, டேப் எடுத்து அளந்தார். அன்று ஓடிய நேரம் முழுக்கப் போய், திறந்த வகுப்பின் கடைசியில் என் பெயர் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அளந்தது சரி. பழைய கார் வாங்கினால், உங்கள் கை படாத பாகத்துக்கும் நீங்களே பொறுப்பு. அந்தக் கிண்ணம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஸ்பிறிங் விதியின் மறுபாதி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஸ்பிறிங்கைத் திறந்துவிட்டால் உயரம் மாறும், அதோடு கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) மாறும், பிறகு அதைச் சரிசெய்ய வேறு ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) வேண்டும், அதற்கு வேறு புஷ் (ஆர்ம் பூட்டும் இடத்து றப்பர்) வேண்டும். செலவு ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வரும். சம்பளக்காரன் ஒருவன் அந்த வரிசையில் நிற்க முடியாது.

அப்படியானால் சொக்கையும் மாற்ற முடியாதா?

சொக்கை மாற்றலாம், அதுதான் ஸ்டொக் வகுப்பின் பெரிய சலுகை. எல்லை இவ்வளவு: எத்தனை சொக் இருந்ததோ அத்தனைதான், பூட்டும் இடமும் முறையும் பழையதே, வகையும் பழையதே. முழுதாக நீட்டிய நீளம் கம்பனிச் சொக்கிலிருந்து ஒரு அங்குலத்துக்குள், அதாவது 25.4 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். வெளியே இருந்து திருகும் கட்டுப்பாடு இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கம்பனியே அப்படிச் செய்து தந்தாலொழிய, கார் ஓடும்போது இருக்கையிலிருந்து மாற்றுவதும் கூடாது.

இரண்டு கட்டுப்பாடு என்றால் ஒன்று சொக் அமுங்கும் வேகத்துக்கு, மற்றது நீளும் வேகத்துக்கு. புதிதாக வாங்கியவர்கள் செய்யும் வேலை எப்போதும் ஒன்றுதான்: இரண்டையும் இறுகத் திருகிவிடுவது. கார் கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் நேரம் கூடும். நீளும் பக்கம் அளவுக்கு மிஞ்சி இறுகினால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேட்டுக்கு முன் கீழே வந்து சேராது. கார் மெல்ல மெல்லப் பதிந்துகொண்டே போகும், டயர் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் துள்ளும். நடுவிலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை ஓடிவிட்டு, ஒரு முனையில் மட்டும் இரண்டு கிளிக் மாற்றி மீண்டும் ஓடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

காசு இல்லையா? நல்ல நிலையில் உள்ள புதிய கம்பனிச் சொக் நாலு போடுங்கள். எங்கள் ஊரில் ஓடும் பழைய கார்களில் பாதிக்கு எண்ணெய் கசிந்து, உள்ளே ஒன்றுமே மிச்சம் இல்லை. அதைப் புதிதாக்கினால் வரும் வித்தியாசத்தைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

ஸ்டெபிலைசர் பார் பெரிதாகப் போடலாமா? முன்னுக்கா பின்னுக்கா?

வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பிதான் இந்தப் பார். போடலாம், ஆனால் ஒன்றே ஒன்று. பழைய ஸ்டொக் விதியில் முன் பார் மட்டும் திறந்திருந்தது. 2014க்குப் பிறகு முன் அல்லது பின், ஏதாவது ஒன்றை மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ கழற்றவோ விட்டார்கள். அந்தப் பாரின் லிங்க், அதன் புஷ், பூட்டும் முறை எல்லாம் உங்கள் விருப்பம். போல்ட் போகத் துளையிடலாம். அதற்கு மேல் பொடியை, அதாவது காரின் கூட்டை, வெட்டி ஒட்டக்கூடாது. பார் என்ற பெயரில் அடிச்சட்டத்தை இறுக்கும் குறுக்குக் கம்பியைக் கள்ளமாக நுழைக்கவும் கூடாது.

எதைத் தேர்வது என்பதற்கு ஒரு கணக்கு. 1000 கிலோ கார், பாரமையம் தரையிலிருந்து அரை மீற்றர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.45 மீற்றர் என்று வையுங்கள். புவியீர்ப்பின் 0.9 மடங்கு விசையோடு வளைவில் திரும்பினால், ஏறக்குறைய 310 கிலோ உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். எந்தப் பாரைப் போட்டாலும் அந்த 310 அப்படியேதான் இருக்கும். அதில் எவ்வளவு முன் சோடிக்கு, எவ்வளவு பின் சோடிக்கு என்ற பங்குதான் மாறும். பங்கு கூடிய சோடியின் பிடிப்புக் குறையும்.

ஆகவே ஸ்விப்ட், விட்ஸ் போன்ற முன்சக்கர இழுவைக் கார்கள் வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போவதால், பின்னுக்குப் பார் சேர்ப்பது நல்லது. பின் சோடி கூடுதல் பங்கை ஏற்றுக்கொள்ள, முன் டயருக்குத் திருப்ப வலு மிஞ்சும். ஆனால் ஈர ரோட்டில் அதே பார் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். நுவரெலியாவில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. கழற்றக்கூடிய விதமாகப் பூட்டிக்கொண்டு போங்கள்.

கேம்பர் எவ்வளவு எடுக்கலாம்? கேம்பர் பிளேட் போட்டால் என்ன?

கேம்பர் பிளேட், அதாவது சொக்கின் மேல்முனையை நகர்த்தவிடும் தகடு, கூடாது. துளையை அராவி நீட்டுவதும் கூடாது. ஆனால் எலைன்மென்டை (சக்கரங்களின் கோணங்களை), கம்பனி தந்திருக்கும் சரிப்படுத்தும் வசதிக்குள்ளும், பாகங்களுக்கு இடையே இயல்பாக இருக்கும் தளர்வுக்குள்ளும், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். இந்த இரண்டாவது பகுதியில்தான் கைவேலை இருக்கிறது.

மக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது சொக்கே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு, உள்ள காரை எடுங்கள். சொக்கின் அடிப்பகுதியை நக்கிளோடு (சக்கரம் பூட்டும் வார்ப்புத் துண்டு) பிடிக்கும் இரண்டு போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தின் மேற்பக்கத்தை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்கினால் அந்த மயிரிழை முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடும். அடிச்சட்டத்தைத் தாங்கும் போல்ட்டுகளிலும் இப்படிக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அதை ஒரு பக்கம் நகர்த்தினால் மறுபக்கத்தில் குறையும். இரண்டையும் சமப்படுத்தவே அது உதவும். எல்லாம் சேர்த்து அரைப் பாகை கிடைத்தால் பெரிய காரியம்.

சிறியதாகத் தெரியும் அந்த அரைப் பாகைக்கு நான் ஒரு முழு மத்தியானம் காருக்கு அடியில் கிடப்பேன். ஸ்ட்ரட் காரில் பொடி சாயும்போது வெளிச்சக்கரமும் கூடச் சாய்ந்து, டயரின் வெளி விளிம்பில் ஓடத் தொடங்கும். விளிம்பு உருளும்போது பிடிப்பும் போகும், டயரும் போகும். கேம்பர் அதைத்தான் தாமதப்படுத்துகிறது.

மஸ்டா மியாட்டா மாதிரிக் காருக்கு இந்தப் பாடு இல்லை. நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு ஆர்ம்), அதில் திருகிச் சரிப்படுத்தும் கேம் போல்ட், கம்பனியே தந்தது. அங்கே ஓட்டோகிராஸில் அந்தக் காரை இவ்வளவு பேர் ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். மறுபக்கம், ஸ்விப்டின் பின் டோர்ஷன் பீமில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைச் சட்டம்) திருக ஒன்றுமே இல்லை. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேம்பரை மாற்றியதும் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணமும், மாறியிருக்கும். கட்டாயம் எலைன்மென்ட் மெஷினில் வைத்துப் பாருங்கள். முன்சக்கரங்கள் சற்று வெளியே பார்த்தபடி இருந்தால் கார் சட்டென்று திரும்பும், ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வரை அப்படியே ஓட்டிப்போனால் உள் விளிம்பு தேய்ந்துவிடும். நான் முன்சக்கரங்களைத் திருப்பும் டை ரொட்டில் பெயின்ட் குறி வைத்துக்கொண்டு, போட்டி இடத்தில் அரைச் சுற்றுத் திருகி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவேன்.

புஷ் தேய்ந்துவிட்டது. லேத்தில் நைலோனில் கடைந்து போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம். எங்கள் மெக்கானிக்குகள் யார்? 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல், கார்பரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டியவர்கள். உதிரிப்பாகம் வராது என்று தெரிந்து, இருப்பதை வைத்துச் செய்து போட்டவர்கள். அந்தக் கை இருந்ததால்தான் ஆஸ்பத்திரிக்கு நோயாளி போய்ச் சேர்ந்தார். என் அப்பாவின் கார் அந்தக் கைகளால்தான் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஸ்டொக் வகுப்பு சரியாக அந்தக் கைத்திறனைத்தான் தடுக்கிறது. புஷ் கம்பனிப் பாகமாகவோ அதற்குச் சமமாகவோ இருக்க வேண்டும். அதே வடிவம், அதே பொருள், அதே கடினம். நைலோனும் பொலியூரித்தேனும் றப்பரைவிட இறுக்கம். ஆர்ம் அசையும் வழியைக் கட்டுப்படுத்திவிடும், எலைன்மென்ட் வளைவில் மாறாமல் நிற்கும். அது நல்லதுதான், ஆனால் அது ஒரு மாற்றம், அடுத்த வகுப்பின் வேலை. ஸ்ட்ரீட் டூரிங் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. ஸ்பிறிங், புஷ், இரண்டு பார் எல்லாம் அங்கே செய்யலாம்.

இங்கே வேண்டியது வேறொரு கைத்திறன். ஒரு காரை அது தொழிற்சாலையைவிட்டு வந்த நாளின் நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோவது. இருபது வருடக் காரில் அது சின்ன வேலை இல்லை. போல் ஜொயின்ட், ஆர்ம் புஷ், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், பதிந்துபோன ஸ்பிறிங் எல்லாவற்றையும் கம்பனி அளவுக்குப் புதுப்பிக்க முழு அனுமதி உண்டு. கடற்காற்றில் துருவேறிய ஆர்ம் போல்ட்டை முறிக்காமல் கழற்றுவதற்கே ஒரு நாள் போகும். புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது கார் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். இதை எத்தனை கராஜில் கவனிக்கிறார்கள்?

கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இதே காரின் ஸ்போர்ட் கிரேட் ஸ்பிறிங் கிடைக்கிறது. கம்பனிப் பாகம்தானே?

கம்பனிப் பாகம்தான், உங்கள் காரின் பாகம் இல்லை. யப்பானிலிருந்து ஒரே பெயரில் பல கிரேட் வரும். ஸ்பிறிங்கை மட்டும் எடுத்து உங்கள் சாதாரண கிரேட்டில் போட்டால் தொழிற்சாலை ஒருபோதும் செய்யாத ஒரு கார் உருவாகும். அதே மொடல், அதே வருடம் என்றால், அந்தப் பொதி முழுவதையும் ஒன்றும் விடாமல் மாற்றலாம்: ஸ்பிறிங், சொக், பார், பிரேக் என்று அந்தக் கிரேட்டோடு வந்த அத்தனையும். அவ்வளவு காசுக்கு அந்தக் கிரேட் காரையே தேடலாம். வாங்கும்போது பாக இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரட் பார், அதாவது இரண்டு ஸ்ட்ரட்டின் மேல்முனைகளையும் இணைக்கும் கம்பி, போடலாமா?

கூடாது. கம்பனி போட்டிருந்தால் இருக்கட்டும்.

வீலும் டயரும்?

வீலின் அகலம் கம்பனி அளவே. விட்டம் ஒரு அங்குலம் கூடலாம் குறையலாம். ஓப்செட்டும் (வீல் பூட்டும் தளம் வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) கம்பனி அளவிலிருந்து அதிகம் விலகக்கூடாது. டயருக்கு டிரெட்வெயர் எண் (எவ்வளவு மெல்லத் தேயும் என்பதன் அளவு) 200க்குக் குறையக்கூடாது, அந்த எண் டயரின் பக்கச் சுவரிலேயே அச்சடித்திருக்கும். மட்காட்டை வெட்டாமலும் மடிக்காமலும் உள்ளே நிற்க வேண்டும். செலவழிக்க ஒரு இடம்தான் உண்டு என்றால், சொக்குக்கும் முதலில் டயருக்குத்தான்.

அப்பாவின் பழைய ஒஸ்டின் ஏ-40 கார் வீட்டில் நிற்கிறது. அதை ஓட்டலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி. பின்னுக்கு அடுக்குப் பட்டை ஸ்பிறிங், சொக் என்பது எண்ணெய் நிரப்பிய ஒரு வார்ப்புப் பெட்டியும் அதிலிருந்து நீளும் கையும். அந்தப் பெட்டிக்குப் பதிலாக இப்போதைய நீள்குழாய் சொக்கைப் பலர் பூட்டிவிட்டார்கள். ஸ்டொக் விதியில் வகை மாற்றக்கூடாது என்று சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கும். கை வகை, கை வகையாகவே இருக்க வேண்டும். எண்ணெயைக் கழுவி ஊற்றி, கையின் அச்சில் கசிவை நிறுத்தினால் அந்தச் சொக் இன்னும் வேலை செய்யும். பழைய கார்களுக்கென்று தனிப் போட்டி இருந்தால் அங்கே ஓடுங்கள், புதுக் காரோடு நேரத்தை ஒப்பிட வேண்டாம்.

யார் பிடிப்பார்கள்? எல்லாவற்றையும் கழற்றியா பார்க்கிறார்கள்?

போட்டிக்கு முன் நடக்கும் சோதனை பெரும்பாலும் பாதுகாப்புக்கு: வீல் நட்டு, பெயரிங் ஆட்டம், பிரேக், பற்றரிப் பிடி. வகுப்பு விதியை மீறியவரைப் பிடிப்பது கூட ஓடுபவர்களே. எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கழற்றிப் பார்க்கும் செலவுக்குப் பணமும் கட்ட வேண்டும். கார் சரி என்று தெரிந்தால் அந்தப் பணம் முறைப்பாடு செய்தவருக்குத் திரும்பாது. ஆகையால் யாரும் விளையாட்டுக்குக் கொடுப்பதில்லை. பாகங்களின் ரசீது, பாக இலக்கம், கம்பனி சேர்விஸ் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், இவற்றை ஒரு பைலில் காருக்குள் வைத்திருங்கள். அளவு உங்கள் கையில் இருந்தால் வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும்.

யாழ்ப்பாணத்தில் எங்கே பழகுவது? இரவில் பலாலி வீதி வெறுமையாகத்தான் கிடக்கிறது.

வீதியில் வேண்டாம் தம்பி. வெறுமையாகத் தெரியும் வீதியில் விளக்கில்லாத சைக்கிள் வரும், மாடு படுத்திருக்கும். ஒழுங்கான போட்டியிலேயே 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர்கள்மேல் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். சின்னப் பிள்ளையும் அதில். ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. சஸ்பென்ஷன் எல்லாம் அதற்குப் பிறகு.

சொந்தக்காரரின் அனுமதியோடு, மதில் உள்ள பெரிய வளவோ, வேலை நாள் அல்லாத களஞ்சிய முற்றமோ கிடைத்தால் போதும். பத்துப் பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து வையுங்கள். பார்க்க வருபவர்களைக் கார் திரும்பும் வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். இரண்டாம் கியருக்கு மேல் வேண்டாம்.

காசே இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஏதாவது?

காற்று. எந்த விதியும் தொடாத ஒரே சரிப்படுத்தல் அது. பள்ளிக்கூட வெண்கட்டி ஒன்றை எடுத்து, டயரின் ஓடுதளம் பக்கச் சுவரோடு சேரும் விளிம்பின் குறுக்கே மூன்று இடத்தில் கோடு போடுங்கள். விளிம்பில் சின்ன முக்கோணக் குறி இருந்தால் அதன் மேலேயே போடுங்கள். ஒருமுறை ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு முக்கோணத்தையும் தாண்டிக் கீழே அழிந்திருந்தால் டயர் உருள்கிறது, 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். முக்கோணத்துக்கு எட்டாமல் மேலேயே நின்றால் காற்று அதிகம், குறையுங்கள். எங்கள் வெயிலில் நின்ற கார் ஓடத் தொடங்கும் முன்பே சூடு, நாலாம் ஓட்டத்தில் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அளந்து, நேரத்தோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை எங்கள் வளவுக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், அதை வைத்துக் கதைப்போம்.